வாசலில் பிடித்தால் சரக்கு, வயலுக்கு வந்தால் நஞ்சு!

ஆலைக் கழிவுநீரில் போகும் உலோகத்தை மீட்டு மறுபடி பயன்படுத்த வழி இருக்கிறது. அந்த வழியை விவசாயிகள் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

எடப்பாடி வட்டாரத்தில் வயலும் தறியும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. பூலாம்பட்டிப் பக்கம் காவிரித் தண்ணீர். மேட்டூர் கிழக்குக் கரைக் கால்வாய் ஒருபுறம். சேர்வராயன் மலையில் புறப்பட்டு ஓமலூர், தாரமங்கலம் வழியாக வரும் சரபங்கா இன்னொருபுறம். பருத்தி, மஞ்சள், நிலக்கடலை, மரவள்ளி, கரும்பு என்று எல்லாம் விளையும் பூமி. அதே ஊர்களில் விசைத்தறிச் சத்தமும் ஓயாது. தறி இருக்கும் வட்டாரத்தில் நூலுக்குச் சாயம் ஏற்றும் வேலையும் இருக்கும். சாயம் ஏற்றினால் கழிவுநீரும் இருக்கும்.

இந்தப் பகுதி விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஓடைத் தண்ணியில கலர் போயிருச்சுன்னா பாய்ச்சலாங்களா?" என்பதுதான் அது.

கலர் போவது நல்ல விஷயம்தான். ஆனால், கழிவுநீரில் கண்ணுக்குத் தெரிவது கலர் மட்டுமே. தெரியாமல் வருவது இரண்டு. ஒன்று உப்பு, சாயக் கழிவில் இதுதான் அதிகம். மற்றொன்று உலோகம். சில வகைச் சாயங்களின் அமைப்பிலேயே குரோமியம், தாமிரம், கோபால்ட் போன்றவை இருக்கின்றன. முலாம் பூசும் பட்டறைகளில் இருந்து நிக்கல், துத்தநாகம், குரோமியம் வரும். பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கும் இடங்களில் இருந்து ஈயம் வரும். தோல் பதனிடும் தொழிற்சாலைகளில் இருந்து குரோமியம் வரும்.

உலோகம் மக்காது

சாணம் மக்கும். மரவள்ளித் திப்பி மக்கும். சேகோ ஆலைக் கழிவுநீர் நாற்றமடித்தாலும், அதிலுள்ள மாவுப்பொருளை நுண்ணுயிர்கள் தின்று எரிவாயுவாக மாற்றிவிடும். பூச்சிமருந்துகூட நாளடைவில் சிதையும். உலோகத்தை மட்டும் எந்த நுண்ணுயிரும் தின்று தீர்க்க முடியாது. வெயிலிலும் அது ஆவியாகாது. அது இடம் மாறும், வடிவம் மாறும், அவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும். ஆலைக்குள் ஒரு கிலோ குரோமியம் வாங்கிக் கொட்டினால், அந்த ஒரு கிலோ எங்காவது இருந்தே ஆக வேண்டும். பொருளில் இருக்கலாம், கழிவுநீரில் இருக்கலாம், கசடில் இருக்கலாம். ஆலை வாசலைத் தாண்டிவிட்டால் ஓடையிலும் கிணற்றிலும் வயலிலும் இருக்கும். ஆகவே, அதைப் பிடிப்பதற்குச் செலவு குறைந்த ஒரே இடம் ஆலை வாசல்.

பாலாறு கற்றுக்கொடுத்த பாடம்

தமிழ்நாட்டில் இதற்குப் பெரிய சாட்சி பாலாற்றுப் படுகை. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பகுதித் தோல் தொழிற்சாலைகள் பல ஆண்டுகளாக விட்ட கழிவுநீரால் ஆற்றோரக் கிணறுகளும் நிலங்களும் கெட்டன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றதாகிவிட்டது என்ற தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக வேலூர் ஆராய்ச்சி மையத்தின் கணக்கெடுப்பு அந்தத் தீர்ப்பிலேயே குறிப்பிடப்பட்டிருக்கிறது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்திய நாட்டின் சட்டத்தில் சேர்ந்தது என்று அந்தத் தீர்ப்பு உறுதியாகச் சொன்னது.

ஆனால், தீர்ப்பு வந்த வேகத்தில் மண் திருந்தவில்லை. இழப்பீட்டு விவகாரம் மறுபடியும் உச்ச நீதிமன்றம் போய், விடுபட்ட குடும்பங்களுக்கு அரசு பணம் கொடுத்துவிட்டு அதை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவானது. இடையில் ஓடியவை 28 ஆண்டுகள். முதல் தீர்ப்பின்போது கைக்குழந்தையாக இருந்தவருக்கே இப்போது கல்யாண வயது தாண்டியிருக்கும்.

கழிவுக்குள் இருக்கும் சரக்கு

இத்தனைக்கும், அந்தக் குரோமியம் வீணாகப் போக வேண்டிய பொருளே இல்லை. காசு கொடுத்து வாங்கிய சரக்கு அது.

தோலைப் பதனிட 'பேசிக் குரோமியம் சல்பேட்' என்ற பச்சை நிறப் பொடியைப் பயன்படுத்துகிறார்கள். வழக்கமான முறையில், போட்ட குரோமியத்தில் 60 முதல் 70 சதவிகிதத்தைத்தான் தோல் பிடித்துக்கொள்கிறது. மீதி அப்படியே பச்சைத் தண்ணீராக வெளியேறுகிறது. அதாவது, மூன்று மூட்டை வாங்கினால் ஒரு மூட்டை சாக்கடைக்கு.

இந்த மூன்றாவது மூட்டையைத் திரும்ப எடுக்கும் முறையைச் சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தமிழகத் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுவந்தது. 1948-ல் தொடங்கப்பட்ட நிறுவனம் இது. முறை எளிமையானது.

முதல் படி, குரோமியத் தண்ணீரைத் தனி வாய்க்காலில் தனித் தொட்டிக்குக் கொண்டுவர வேண்டும். ஊறவைத்த தண்ணீர், சுண்ணாம்புத் தண்ணீர், கழுவிய தண்ணீர் எல்லாவற்றோடும் கலந்துவிட்டால் பிறகு பிரித்தெடுப்பது கஷ்டம்.

இரண்டாம் படி, வடிகட்டிய அந்தத் தண்ணீரில் மக்னீசியம் ஆக்சைடைச் சேர்த்துக் கலக்க வேண்டும். கார அமில நிலை 8-க்கு மேல் ஏறியதும், கரைந்திருந்த குரோமியம் குரோமியம் ஹைட்ராக்சைடாகத் திரிந்து, பால் திரிவதுபோல அடியில் படியும். கரைசலில் இருந்த குரோமியத்தில் 95 சதவிகிதத்துக்கு மேல் இப்படிப் பிடிபடும்.

மூன்றாம் படி, மேலே தெளிந்த தண்ணீரைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பிவிட வேண்டும்.

நான்காம் படி, அடியில் படிந்த பச்சைக் கசடில் கந்தக அமிலம் சேர்த்தால் அது மறுபடி பேசிக் குரோமியம் சல்பேட் கரைசலாகிவிடும். புதுச் சரக்கோடு சேர்த்து அடுத்த தோலுக்குப் பயன்படுத்தலாம்.

சுண்ணாம்பு போட்டாலும் குரோமியம் படியும். அது விலையும் குறைவு. ஆனால், தண்ணீரிலுள்ள சல்பேட்டோடு சேர்ந்து ஜிப்சமும் படிந்துவிடும். கசடின் அளவு கூடும்; குரோமியத்தை மறுபடி எடுப்பதும் சிரமம். மக்னீசியம் ஆக்சைடு கசடைக் கெட்டியாகவும் குறைவாகவும் வைத்திருக்கும். சேலத்துக்காரர்களுக்கு இந்தப் பொருள் புதிதல்ல. செட்டிச்சாவடி, குரும்பப்பட்டி பகுதிகளில் வெட்டும் வெள்ளைக்கல்லைச் சூளையில் சுட்டால் கிடைப்பது மக்னீசியம் ஆக்சைடுதான்.

இப்போது அதே நிறுவனம், பதனிடும் கட்டத்தில் தண்ணீரே சேர்க்காமல் தோலுக்குக் குரோமியம் ஏற்றும் முறையையும் உருவாக்கியிருக்கிறது. தண்ணீர் இல்லையென்றால் பச்சைத் தண்ணீரும் இல்லை. மீட்பதைவிட நல்லது, வீணாகாமல் பார்த்துக்கொள்வது.

மீட்காமல் குவித்தால் என்ன ஆகும்?

சுத்திகரிப்பு நிலையம் இருந்தாலே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். உலோகத்தைப் பொறுத்தவரை சுத்திகரிப்பு என்பது தண்ணீரில் இருப்பதைக் கசடுக்கு மாற்றுவதுதான். அந்தக் கசடை என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

ராணிப்பேட்டையில் குரோமிய ரசாயனங்கள் தயாரித்த அரசுத் துறை ஆலை ஒன்று 1990-களின் நடுவில் மூடப்பட்டது. அது விட்டுச்சென்ற குரோமியக் கழிவு மட்டும் இரண்டு லட்சம் டன்னுக்கு மேல். மழைக்காலத்தில் அதிலிருந்து மஞ்சள் நிறத்தில் தண்ணீர் கசிந்து நிலத்தடியில் இறங்கியது. மஞ்சள் நிறம் என்பது குரோமியம்-6 என்ற வகையின் அடையாளம். இது தண்ணீரில் எளிதாகக் கரையும், புற்றுநோய் உண்டாக்கும். தோல் பதனிடப் பயன்படும் குரோமியம்-3 அந்த அளவுக்கு நஞ்சல்ல. மண்ணில் ஒட்டிக்கொண்டு மெதுவாகத்தான் நகரும். பெயர் ஒன்று, குணம் வேறு. பரிசோதனை அறிக்கையைப் பார்க்கும்போது இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும்.

அதே ராணிப்பேட்டை சிப்காட்டில், 2015 ஜனவரி 31 அன்று அதிகாலை, தோல் கழிவுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் கசடில் மூழ்கி இறந்தார்கள். கசடு என்பது ஓரமாகக் குவித்து மறந்துவிடக்கூடிய பொருள் இல்லை என்பதற்கு இதைவிடக் கொடிய உதாரணம் வேண்டியதில்லை.

வெள்ளிக்கு ஒரு நியாயம், குரோமியத்துக்கு ஒரு நியாயமா?

சேலம் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளில் தரையைக் கூட்டிய தூசியைக்கூட யாரும் தெருவில் கொட்டுவதில்லை. அதில் வெள்ளி இருக்கிறது, அதை வாங்கி உருக்கி எடுக்க ஆள் இருக்கிறது. எக்ஸ்ரே பிலிம் கழுவிய கரைசலில் இருந்துகூட வெள்ளியைப் பிரித்தெடுத்தார்கள். விலை உயர்ந்த உலோகத்தை மீட்க யாரும் சட்டம் போடத் தேவைப்படவில்லை. விலை குறைந்த உலோகத்துக்குத்தான் சட்டமும் கண்காணிப்பும் தேவைப்படுகின்றன. ஏனென்றால், அதை வீசி எறிவதால் வரும் நஷ்டம் ஆலைக் கணக்கில் வராது. பக்கத்து வயல்காரர் கணக்கில்தான் வரும்.

மீட்ட உலோகம் விவசாயத்துக்கே பயன்படுவதும் உண்டு. நெல் வயலுக்கு ஏக்கருக்கு 10 கிலோ போடச் சொல்லும் துத்தநாக சல்பேட் இதற்கு நல்ல உதாரணம். இரும்புக்குத் துத்தநாகப் பூச்சு கொடுக்கும் ஆலைகளில் மிஞ்சும் துத்தநாகச் சாம்பலைக் கந்தக அமிலத்தில் கரைத்து, சுத்தம் செய்து, இந்த உரத்தைத் தயாரிக்கிறார்கள். அதற்கு உரக் கட்டுப்பாட்டு ஆணை கட்டுப்பாடு வைத்திருக்கிறது. துத்தநாகம் 21 சதவிகிதத்துக்குக் குறையக் கூடாது, ஈயம் 0.003 சதவிகிதத்தையும் காட்மியம் 0.0025 சதவிகிதத்தையும் தாண்டக் கூடாது. கழிவு, உரமாவது இப்படிப் பரிசோதனை முடிந்து மூட்டையில் வரும்போதுதான். சாம்பலையே நேராக வயலில் கொட்டினால் துத்தநாகத்தோடு ஈயமும் காட்மியமும் கூடவே வரும்.

'ஓசி உரம்' லாரிக் கணக்கு

எங்கெங்கோ இருந்து லாரியில் கசடைக் கொண்டுவந்து, "நல்ல எருங்க, காசு வேண்டாம், பள்ளத்தை நிரப்பிக்கோங்க" என்று சொல்பவர்கள் உண்டு. அப்போது கீழே உள்ள கணக்கை நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு ஏக்கரில் மேல் 15 சென்டி மீட்டர் மண்ணின் எடை சுமார் 9 லட்சம் கிலோ. ஒரு சதவிகிதம் குரோமியம் உள்ள உலர்ந்த கசடு 10 டன் கொட்டினால், 100 கிலோ குரோமியம் சேரும். கிலோ மண்ணுக்கு 110 மில்லி கிராமுக்கு மேல் கூடுகிறது.

இதைத் தண்ணீரோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். நீர்நிலைகளில் விடும் கழிவுநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 2 மில்லி கிராம் வரை இருக்க அனுமதி உண்டு. அந்த அளவில் உள்ள தண்ணீரை ஒரு பயிருக்கு 50 சென்டி மீட்டர் உயரம் பாய்ச்சினால், ஏக்கருக்குச் சுமார் 20 லட்சம் லிட்டர். சேரும் குரோமியம் 4 கிலோ. அதாவது, 25 பயிருக்குப் பாய்ச்சினால் சேருவதை ஒரே லாரிக் கசடு ஒரே நாளில் சேர்த்துவிடும்.

இந்தக் கணக்கில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஆலை, விதியை மீறாமல் விட்டாலும் அந்தத் தண்ணீர் நேரடிப் பாசனத்துக்கு ஏற்றதென்று அர்த்தமில்லை. ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை நிறுவனத்தின் பரிந்துரைப்படி பாசன நீரில் குரோமியம் லிட்டருக்கு 0.1 மில்லி கிராம், காட்மியம் 0.01, தாமிரம் 0.2, நிக்கல் 0.2, துத்தநாகம் 2 மில்லி கிராம் வரைதான் இருக்கலாம். குடிநீருக்கு இந்தியத் தரம் இன்னும் கடுமை: குரோமியம் 0.05, ஈயம் 0.01, காட்மியம் 0.003.

ஜப்பான் விவசாயிகள் வாங்கிய உரிமை

ஜப்பானில் தொயாமா மாகாணத்தில் ஜின்சு ஆற்றுப் பாசனம். மேலே மலையில் துத்தநாகச் சுரங்கம். அங்கிருந்து வந்த காட்மியம் நெல் வயலில் சேர்ந்து, சோற்றின் வழியாக உடம்பில் ஏறியது. எலும்புகள் தானே முறியும் அளவுக்கு நோய் வந்தது. வலி தாங்காமல் நோயாளிகள் அலறிய 'இத்தாய், இத்தாய்' என்ற சொல்லே நோய்க்குப் பெயரானது. 'வலிக்குது, வலிக்குது' என்று பொருள். 1968-ல் ஜப்பான் அரசு இதை மாசு நோய் என்று ஒப்புக்கொண்டது.

கெட்ட வயல்களின் மண்ணைப் புதைத்து, மேலே நல்ல மண் பரப்பும் வேலை 1979-ல் தொடங்கி 2012-ல்தான் முடிந்தது. 800 ஹெக்டேருக்குச் சற்று அதிகமான நிலத்துக்கு 33 ஆண்டுகள். நம் ஊரில் ஒரு விவசாயி சொந்தச் செலவில் நினைத்துப் பார்க்கக்கூடிய வேலை இல்லை இது.

அங்குள்ள விவசாயிகள் 1972-ல் வழக்கில் ஜெயித்தபோது, பணத்தோடு நிற்கவில்லை. ஆலைக்குள் நிபுணர்களோடு நேரில் போய்ப் பார்க்கவும், கழிவுநீரைச் சோதிக்கவும், அதற்கான செலவை நிறுவனமே ஏற்கவும் ஒப்பந்தம் எழுதி வாங்கினார்கள். அதற்குப் பின் வருடா வருடம் போய்ப் பார்த்து வந்தார்கள். ஆலை வாசலில் உலோகம் பிடிபடுகிறதா என்று கண்காணித்தது, வயல்காரர்களே. நம் ஊர்ப் பாசன சங்கங்களும் விவசாயிகள் குறைதீர் கூட்டங்களும் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இதுதான். "தண்ணீர் கலராக வருகிறது" என்று மட்டும் மனு கொடுக்காமல், "பிடித்த கசடு எத்தனை டன், அது எங்கே போனது?" என்றும் கேட்க வேண்டும். உலோகம் கலந்த கசடு அபாயகரமான கழிவு. 2016-ம் ஆண்டு விதிகளின்படி அதைக் கையாளும் ஆலை கணக்கு வைத்திருக்க வேண்டும்; கசடு அனுமதி பெற்ற இடத்துக்கே, அதற்கான சீட்டோடு போக வேண்டும். மறுபயன்பாடும் மீட்பும் முதலில், புதைப்பது கடைசியில் என்று வரிசையையும் அதே விதிகள் சொல்கின்றன.

விவசாயிகள் கேட்பவை

கேள்வி: மண் வள அட்டையில் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது. அப்புறம் என்ன பயம்?

பதில்: மண் வள அட்டையில் 12 விவரங்கள் உண்டு. தழை, மணி, சாம்பல், கந்தகச் சத்துகள், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, மின் கடத்துத்திறன், அங்ககக் கரிமம். குரோமியம், ஈயம், காட்மியம், நிக்கல் இதில் இல்லை. சந்தேகம் இருந்தால், கன உலோகப் பரிசோதனை வேண்டும் என்று தனியாகக் கேட்க வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சேலம் அலுவலகம், சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையம் ஆகியவற்றை அணுகி எங்கே, எப்படி மாதிரி கொடுப்பது என்று கேட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: மாதிரியை எப்படி எடுப்பது?

பதில்: துத்தநாகப் பூச்சுள்ள வாளி, துருப்பிடித்த மண்வெட்டி வேண்டாம். மரக்குச்சியோ பிளாஸ்டிக் கரண்டியோ கொண்டு 15 சென்டி மீட்டர் ஆழம் வரை மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டும். கழிவுநீர் பாயும் மடை ஓரம் ஒன்று, வயலின் நடுவில் ஒன்று, கழிவுநீர் எட்டாத மேட்டு வயலில் ஒன்று என்று தனித்தனியாக எடுக்க வேண்டும். மூன்றாவது மாதிரி இல்லாவிட்டால், உலோகம் இயற்கையாக இருந்ததா, வந்து சேர்ந்ததா என்று சொல்ல முடியாது.

கேள்வி: ஏரி வண்டல் மண்ணை வயலுக்கு அடிக்கலாமா?

பதில்: நல்ல ஏரி வண்டலுக்கு ஈடு இல்லை. ஆனால், கழிவுநீர் பல வருடம் வந்து சேர்ந்த ஏரியில் உலோகம் தங்கும் இடமே அந்த வண்டல்தான். மேட்டூர் உபரிநீரைச் சரபங்கா வடிநிலத்தின் 100 வறண்ட ஏரிகளுக்குக் கொண்டுபோகும் திட்டம் வந்த பிறகு, பல ஏரிகளில் தண்ணீரைப் பார்க்கும் நம்பிக்கை பிறந்திருக்கிறது. மேலே நல்ல தண்ணீர் நின்றாலும் அடியில் பழைய வண்டல் அப்படியே இருக்கும். சாயமோ முலாம் கழிவோ வந்த ஏரி என்றால், பரிசோதித்த பிறகே மண் அடிக்க வேண்டும்.

கேள்வி: கசடை மண்புழு உரமாக்கினால் நஞ்சு போய்விடாதா?

பதில்: போகாது. மக்கும் பொருள் குறையக் குறைய, மீதியில் உலோகத்தின் அடர்த்தி கூடத்தான் செய்யும். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி நகரக் கழிவு உரத்தில் கிலோவுக்குக் குரோமியம் 50, ஈயம் 100, நிக்கல் 50, காட்மியம் 5 மில்லி கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. வாங்கும் உரத்துக்கு இந்தப் பரிசோதனைச் சீட்டைக் கேட்பது விவசாயியின் உரிமை.

கேள்வி: தேங்காய் நார்க்கழிவுக் கரி உலோகத்தை உறிஞ்சும் என்கிறார்களே, கிணற்று வாயில் வைக்கலாமா?

பதில்: உறிஞ்சும் என்பது உண்மை. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் இதைப் பற்றி ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஆனால், கரைசலின் கார அமில நிலையைச் சரியாக வைத்தால்தான் வேலை செய்யும். கரி நிறைந்ததும் மாற்ற வேண்டும். நிறைந்த கரியே நஞ்சுப் பொருள். அதைக் குப்பைக் குழியில் போட்டால் பட்ட பாடு வீண். இது ஆலைக்குள் செய்ய வேண்டிய வேலை, பாசனக் கிணற்றுக்கு ஒத்துவராது.

கேள்வி: ஏற்கெனவே உலோகம் சேர்ந்துவிட்ட நிலத்தை என்ன செய்வது?

பதில்: முதலில், மேலும் வராமல் மடையை அடைக்க வேண்டும். கீரை, காய்கறி வேண்டாம். கீரைகள் காட்மியத்தை அதிகம் இழுக்கும். பருத்தி, ஆமணக்கு, பூக்கள், மரப்பயிர்கள் போன்று வாய்க்குப் போகாத பயிர்களுக்கு மாறலாம். பருத்திக்குக் கொங்கணாபுரத்தில் ஏலம் இருக்கிறது; விற்பனைக்கு அலைய வேண்டியதில்லை. ஆனால், அந்த நிலத்துப் பருத்திக்கொட்டையை மாட்டுக்கு வைக்க வேண்டாம். மக்கிய தொழு உரம் தாராளமாக இட்டால், குரோமியம்-6 ஓரளவு குரோமியம்-3 ஆக மாறி மண்ணில் கட்டுண்டுவிடும். இது உலோகத்தை அகற்றாது, நகராமல் பிடித்து வைக்கும். வேரும் தழையும் உலோகத்தை இழுத்திருந்தால், அறுவடைக் கழிவை மூடாக்காகவோ தீவனமாகவோ அதே பண்ணையில் பயன்படுத்தக் கூடாது.